முனி நிற்கும் ஓடை: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், உங்கள் ஊரில் எந்தக் காட்டைப் பற்றி, எந்த மலையைப் பற்றி, எந்த ஆற்றைப் பற்றிக் கதை சொல்லிப் பயமுறுத்துவார்கள் என்று கேட்டிருந்தேன். கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் இந்தப் பக்கத்தில் இடம் போதாது, அதனால் பலரும் கேட்ட கேள்விகளை முதலில் எடுத்திருக்கிறேன்.

சேர், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அஞ்சாம் நம்பர் மலைக்குப் போகிற வழியில் ஓர் ஓடை இருக்கிறது. கரையில் மூன்று கல்லும் ஒரு சூலமும் வைத்து முனியாண்டி கும்பிடுகிறோம். மத்தியானத்துக்குப் பிறகு அந்த ஓடையில் இறங்கினால் முனி அடிச்சிரும் என்று எங்கள் பாட்டி இன்னும் சொல்கிறார். கம்பஸில் படிக்கிற தம்பி அதைக் கேட்டுச் சிரிக்கிறான். யார் பக்கம் நிற்பது? – வாசகி, மஸ்கெலியா

நான் பாட்டி பக்கம்தான் நிற்பேன் தங்கச்சி. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் அப்பாயியும் இதையேதான் சொன்னார். எனக்கு அப்போது ஒன்பது பத்து வயது இருக்கும். விறகுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர் ஓடியது, தலைக்கு மேலே வெயில், நான் கல்லுக்குக் கல் தாவிக் கடக்கப் பார்த்தேன். அப்பாயி சட்டையைப் பிடித்து இழுத்து, "முனி எறங்குற நேரம்டா, உக்காரு" என்று கரையிலேயே உட்கார வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் சுள்ளியும் சருகும் மிதந்து வந்தன, தண்ணீர் பிளேன்டீ நிறத்துக்கு மாறியது, அப்புறம் மேலே எங்கேயோ கல் உருளுகிற சத்தம் கேட்டது. நான் நிற்க நினைத்த கல்லைக் காணவில்லை. அன்றைக்கு எங்கள் தலையில் ஒரு துளி மழை விழவில்லை.

இது எப்படி நடக்கிறது என்று உங்கள் தம்பிக்கே தெரிந்திருக்கும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இலங்கை மலைநாட்டில் காலையில் வெயில் அடித்து, பின்னேரம் இடியோடு மழை கொட்டும். மேலே காட்டில் கொட்டுகிற மழை கீழே வெயிலில் நிற்கிறவனுக்குத் தெரியாது. செங்குத்தான சரிவு என்பதால் அந்தத் தண்ணீர் மெதுவாக ஏறாது, ஒரே அடியாக வரும். "மத்தியானத்துக்குப் பிறகு இறங்காதே" என்ற பாட்டியின் பேச்சில் நேரமும் இருக்கிறது, இடமும் இருக்கிறது. படிக்காத பிள்ளைக்கும் புரிகிற மாதிரி சொல்லப்பட்ட வெள்ள எச்சரிக்கை அது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1820களில் தொடங்கித் தமிழ்நாட்டிலிருந்து நம்முடைய ஆட்கள் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் காட்டு விலங்கிடமும் செத்தவர்கள் ஏராளம். பிழைத்து வந்தவர்கள் மாரியம்மனையும் மாடசாமியையும் முனியாண்டியையும் கூடவே கொண்டுவந்து, உயிருக்கு ஆபத்து இருக்கிற இடமாகப் பார்த்து ஒவ்வொரு சாமியை நிறுத்தினார்கள். தேயிலைச் செடியை வெட்டிவிடும்போது கத்தி கால்மேல் விழக்கூடிய கவ்வாத்து வேலைக்குக் கவ்வாத்துச் சாமி. கையை இழுத்துக்கொள்ளக்கூடிய பெரிய சக்கரம் சுற்றுகிற தேயிலை ஸ்டோருக்கு ரோதை முனி. தேயிலைத் தோட்டத்து இயந்திரத்துக்கு ஒரு முனியை உண்டாக்கிய சனம் நாம். அந்த வரிசையில்தான் உங்கள் ஓடை முனியும் நிற்கிறார். தம்பியைச் சிரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், ஓடைக்கு மேல்பக்கம் எவ்வளவு காடு இருக்கிறது, தண்ணீர் எந்த எந்த வடிகானிலிருந்து வந்து சேருகிறது என்று ஒரு நாள் நடந்து பார்த்து வரச் சொல்லுங்கள்.

எல்ல பக்கம் வழிகாட்டியாக வேலை செய்கிறேன். இராவணன் குகை, சீதை குளித்த ஓடை, அனுமன் எரித்த சமவெளி எல்லாம் உண்மையா என்று வெளிநாட்டார் கேட்கிறார்கள். "உண்மை" என்று சொல்லவும் முடியவில்லை, "பொய்" என்று சொல்லவும் மனசு வரவில்லை. – வாசகர், பண்டாரவளை

தம்பி, "இங்கே இருக்கிறவர்கள் இப்படிச் சொல்கிறார்கள்" என்று ஆரம்பியுங்கள். அது முழு உண்மை. வால்மீகி இராமாயணத்தில் எல்லயும் இல்லை, சீத்தா எலியவும் இல்லை. ஆனால் இந்த மலைகளைப் பார்த்தவர்கள் அந்தக் கதையை இங்கே கொண்டுவந்து ஒட்டவைத்த விதம் இருக்கிறதே, அதைச் சொல்லத் தொடங்கினால் உங்களுக்குப் பொழுது போதாது.

சீத்தா எலிய அம்மன் கோயிலுக்குப் பக்கத்து ஓடையில் பாறையில் வட்ட வட்டமாகக் குழிகள் இருக்கின்றன, அனுமனின் பாதம் என்று காட்டுகிறார்கள். ஓடுகிற தண்ணீரில் சிக்கிய கூழாங்கற்கள் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி ஆயிரக்கணக்கான வருசம் அரைத்தால் அப்படி உருண்டையான குழி விழும். இதையும் சொல்லுங்கள், அதையும் சொல்லுங்கள். ஹோட்டன் சமவெளியில் மரம் இல்லாமல் புல்வெளியாகக் கிடப்பது அனுமன் வாலில் பிடித்த தீயால் என்பார்கள். அங்கே இருக்கிற தொட்டுபொல கந்த, 2,357 மீற்றர், இராவணனின் புஷ்பக விமானம் இறங்கிய துறை என்பார்கள். மேகத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நிற்கிற அந்த மலையைப் பார்த்தால் விமானம் இறங்க வேறு இடம் தோன்றாது.

எனக்கு மிகவும் பிடித்தது ஹக்கல. சஞ்சீவி மலையைத் தூக்கிவந்த அனுமன் சிந்திய துண்டு அது என்பது கதை. சிங்களத்தில் அந்தப் பெயருக்குத் தாடைப் பாறை என்று பொருள் சொல்வார்கள், வாயில் கவ்விக் கொண்டுவந்தாராம். மருந்து மலை என்று சனம் சொல்லிவந்த அதே ஹக்கலயில்தான் வெள்ளைக்காரர்கள் 1861இல் தோட்டம் போட்டு சிங்கோனா நட்டார்கள், மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா எடுக்கிற மரம். இதைச் சொன்னால் உங்கள் விருந்தாளிகள் மறக்க மாட்டார்கள்.

ஆனால் ஒரு விசயத்தில் மட்டும் கதையை நிறுத்திவிட்டுக் கண்டிப்பாகப் பேசுங்கள். இராவணன் எல்ல நீர்வீழ்ச்சி சுமார் 25 மீற்றர்தான், ரோட்டோரத்திலேயே இருக்கிறது, அதனால் பயமே வருவதில்லை. அங்கே குளிக்க இறங்கிச் செத்தவர்கள் உண்டு. பாசி பிடித்த கல், கீழே எவ்வளவு ஆழம் என்று தெரியாத குழி, மழைக்குத் திடீரென்று பெருகும் தண்ணீர். பத்துத் தலைக்காரன் பெயரைச் சும்மா வைக்கவில்லை என்று சொல்லிக் கரையிலேயே நிறுத்திவிடுங்கள்.

சிவனொளிபாதமலை ஏறும்போது "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்கக்கூடாது, "கால் வலிக்குது" என்று சொல்லக்கூடாது என்று அம்மாயி சட்டம் போடுகிறார். காரணம் கேட்டால் சாமி குற்றம் என்கிறார். – வாசகி, ஹட்டன்

நல்லதண்ணிப் பக்கமாக ஏறினால் 5,000க்கும் மேற்பட்ட படிகள். அதில் ஒருத்தர் "என்னால் முடியாது" என்று வாய்விட்டுச் சொன்னால் கூட வருகிற இருபது பேரின் முழங்காலும் அங்கேயே தளர்ந்துவிடும், இரவு, குளிர், காற்று. அம்மாயி நிறையத் தடவை ஏறியிருப்பார், அவருக்குத் தெரியும்.

2,243 மீற்றர் உயரமான இந்த மலையைச் சைவர்கள் சிவன் பாதம் என்றும், பௌத்தர்கள் புத்தர் பாதம் என்றும், முஸ்லிம்கள் பாவா ஆதம் பாதம் என்றும், கிறிஸ்தவர்களில் சிலர் புனித தோமையார் பாதம் என்றும் போற்றுகிறார்கள். இன்றைய படிகளைக் கட்டுவதற்கு முன்னால் ஏறியவர்கள் பாறையில் அடித்த இரும்புச் சங்கிலியைப் பிடித்துத்தான் ஏறினார்கள். 1344இல் இங்கே வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா அந்தச் சங்கிலிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். பத்தாவது சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயராம். அங்கே வந்து கீழே பார்த்தவன் விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் தானாகவே கலிமாவை, அதாவது இஸ்லாத்தின் விசுவாச வாக்கியத்தை, சொல்லிவிடுவானாம், அதனால் அந்தப் பெயர். இதைப் படித்த நாளிலிருந்து நான் மேல்படிகளில் ஏறும்போதெல்லாம் அந்தக் கை நடுக்கத்தை நினைத்துக்கொள்வேன். யார் எந்தப் பெயரைச் சொல்லிக் கும்பிட்டாலும் அந்தப் பாறை எல்லோரையும் ஒரே மாதிரித்தான் பயப்பட வைத்திருக்கிறது.

ஏறுகிற வழியில் கெத்தம்பான என்ற இடத்தில் ஊசி நூல் விட்டுப் போகிற வழக்கம், சீத கங்குல ஓடையின் குளிர்ந்த தண்ணீரில் கை கால் முகம் கழுவுகிற வழக்கம், இவையெல்லாம் நடுவில் நின்று மூச்சு வாங்குவதற்கும் உதவும். டிசம்பர்ப் போயா என்ற முழுநிலா நாளிலிருந்து வெசாக் போயா வரைதான் யாத்திரைக் காலம். அதற்குப் பிறகு தென்மேற்குப் பருவக்காற்று, பாதை வழுக்கும், வெளிச்சம் இருக்காது, துணைக்கு ஆளும் இருக்காது. "சாமி அனுமதிக்காத காலம்" என்று அம்மாயி சொன்னால் அதை மட்டும் மீறாதீர்கள்.

அதே கடிதத்தில் வண்ணத்துப்பூச்சி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், சிங்களத்தில் இது சமனல கந்த, சமனல என்றால் வண்ணத்துப்பூச்சி. கூட்டம் கூட்டமாகப் பறந்துவந்து பாதத்தை வணங்கி அங்கேயே சாகின்றன என்பது நம்பிக்கை. அவை பருவத்துக்குப் பருவம் இடம்பெயர்கிற மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள். ஆனாலும் காற்றில் மலையை நோக்கி அவை போகிறதைப் பார்த்த யாருக்கும் யாத்திரை என்றுதான் தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இரவில் காட்டுக்குள்ளிருந்து பொம்பிளை அலறுகிற மாதிரி சத்தம் கேட்டால் வீட்டில் சாவு விழுமாமே? – வாசகர், தெனியாயப் பக்கத்திலிருந்து லிந்துலைக்கு வந்தவர்

உலமா என்று சிங்களவர்கள் சொல்கிற பறவையின் சத்தம் அது. பெண்சாதி மேல் சந்தேகப்பட்ட ஒருவன் பிள்ளையைக் கொன்று கறி வைத்துப் போட்டான், சட்டியில் குழந்தையின் விரலைக் கண்ட தாய் பைத்தியம் பிடித்துக் காட்டுக்குள் ஓடிப் பறவையானாள் என்பது கதை. கேட்கவே நெஞ்சு அடைக்கும். பறவைகளைப் படித்தவர்களில் பலர் இதைக் காட்டில் வாழ்கிற ஒரு பெரிய ஆந்தையின் குரல் என்கிறார்கள், வேறு சிலர் கழுகு வகையைச் சொல்கிறார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டதால் சாவு வராது. ஆனால் அந்தக் கதையை உண்டாக்கியவர்கள் பறவையைப் பற்றி மட்டும் பேசவில்லை என்று நான் நம்புகிறேன். வீட்டுக்குள் அடிபட்ட பெண்ணின் அழுகையைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்த ஊர், அதே அழுகையைக் காட்டிலிருந்து கேட்டுப் பயந்திருக்கிறது.

நுவரெலியாவில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் கல்லறையில் இடி விழுந்துகொண்டே இருக்குமாமே? – வாசகர், இராகலை

மேஜர் தோமஸ் ரொஜர்ஸ். 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். 1845 ஜூன் 7இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார், நுவரெலியாவில் புதைத்தார்கள். அதன் பிறகு அந்தக் கல்லிலும் இடி விழுந்து பிளந்தது, கொன்ற பாவம் மண்ணுக்குள்ளும் விடவில்லை என்று சனம் பேசுகிறது.

மின்னல் ஆள் பார்த்து விழாது. அப்புத்தளை ஒரு மலை முகடு, இரண்டு பக்கமும் திறந்த வெளி, அப்படிப்பட்ட இடத்தில் இடி நேரத்தில் வெளியே நின்றால் யாருக்கும் அதே கதிதான். கொழுந்து எடுக்கிற அக்காமார் இடிக்கும்போது மரத்தடியில் ஒதுங்குவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள், கட்டடத்துக்குள் போங்கள். ஆனால் இந்தக் கதையை நான் விடாமல் சொல்வேன். ஒரு காலத்தில் நுவரெலியாவைச் சுற்றி யானை திரிந்தது, இன்றைக்கு ஒன்றுகூட இல்லை. அதைக் கணக்கில் வைத்திருப்பது இந்த இடிக்கதை ஒன்றுதான்.

ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு என்கிற பாறை விளிம்பில் நிற்கும்போது யாரோ பின்னால் இருந்து தள்ளுகிற மாதிரி இருக்கிறது. பேயா? – வாசகி, தலவாக்கலை

பேய் இல்லை மகள், உயரம். சுமார் 870 மீற்றர் நேராகக் கீழே போகிறது, பார்க்கிறவர் கண்ணுக்குப் பிடிமானம் இல்லாததால் உடம்பு தள்ளாடும். விளிம்பிலிருந்து பின்வாங்கி உட்கார்ந்து பாருங்கள். காலை ஒன்பது பத்து மணிக்கு மேல் பனி மூடிவிடும், அதற்கு முன்னால் போய்விட்டுத் திரும்பிவிடுங்கள்.

கண்டியை யாராலும் பிடிக்க முடியாது, பாறையைத் துளைத்து வருகிறவனால்தான் முடியும் என்று சாபமாமே? – வாசகர், கடுகண்ணாவை

கதை நல்ல கதைதான், கணக்குத்தான் உதைக்கிறது. கண்டி ராஜ்ஜியம் 1815இல் வெள்ளைக்காரர் கைக்குப் போய்விட்டது. கடுகண்ணாவைப் பாறையைக் குடைந்து ரோடு போட்டது அதற்குப் பிறகு, 1820களில். தோற்ற பிறகு, ஏன் தோற்றோம் என்று மனசை ஆற்றிக்கொள்ளப் பிறந்த கதையாக இருக்கவேண்டும். மலைதான் எங்கள் கோட்டை என்று இருநூறு வருசத்துக்கு மேல் போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் வெளியே வைத்திருந்தவர்களுக்கு, அந்த மலையிலேயே துவாரம் விழுந்ததைப் பார்க்க எப்படி இருந்திருக்கும்?

தியலுமவுக்குக் கதை இருக்கிறது. எங்கள் மலைக்குக் கதை இல்லை, சனம்தான் புதைந்து கிடக்கிறது. எதற்கு இந்தப் பழங்கதை எல்லாம்? – வாசகர், கொஸ்லாந்தை

உங்கள் கடிதத்தை நான்கைந்து முறை படித்தேன் ஐயா.

தியலும கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலைக்கு மேலே ஒளித்துவைக்கப்பட்ட ஓர் இளைஞன், அவனைத் தேடி வந்த பெண்ணைக் கொடிக்கயிற்றால் மேலே இழுத்தான், அவள் பாறையில் மோதிச் செத்தாள், தெய்வங்கள் மனமிரங்கி அந்த இடத்தைத் தண்ணீரால் மூடின. அதுதான் 220 மீற்றர் விழுகிற அருவி. ஒரு பெண் செத்த பாறையை இப்படி நூற்றுக்கணக்கான வருசம் மறக்காமல் வைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மீரியபெத்த. 2014 ஒக்டோபர் 29 காலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் புறப்படுகிற நேரத்தில் மண்சரிவில் மலை இறங்கி லயங்களை, தோட்டத்துச் சனம் இருக்கிற வரிசை வீடுகளை, மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். ஆனால் போ என்று சொன்னால் போதுமா, போய் இருக்க இடம் வேண்டாமா? காணி இல்லாத சனத்துக்கு எச்சரிக்கைக் கடிதத்தால் என்ன பிரயோசனம்? நீங்கள் கோபப்படுகிறது நியாயம்.

இருந்தும் பழங்கதை எதற்கு என்று கேட்டதற்கு என்னால் முடிந்த பதில் இது. கடிதம் அலுமாரிக்குள் போய்விடும். பாட்டி சொன்னது பிள்ளையின் காலில் இருக்கும், ஓடவேண்டிய நேரத்தில் ஓடும். அதனால் புதிதாகக் கதை சொல்லவேண்டும் என்கிறேன். மலை வாய் திறந்தால், அதாவது தரையில் புதிதாக வெடிப்பு வந்தால் நிற்காதே. மலை அழுதால், அதாவது ஊற்றே இல்லாத இடத்தில் தண்ணீர் கசிந்தால், அல்லது தெளிந்து வந்த பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கினால், அல்லது நின்றே போனால், பிள்ளையைத் தூக்கு. நேற்றுவரை மூடிய கதவு இன்றைக்கு மூட மறுத்தால், மரமும் லைட் கம்பமும் சாய்ந்தால், மலை உன் வீட்டைத் தள்ளுகிறது. இதை முனிக் கதை மாதிரி பிள்ளைகள் மனதில் பதிகிற வரைக்கும் சொல்லுங்கள்.

குறுகிய வாய்ப்பக்கத்தை வெட்டி எடுத்த, நேரான சுவருள்ள ஒரு போத்தலில் மில்லிமீற்றர் கோடு போட்டு வெட்டவெளியில் வைத்தால் அதுவே மழைமானி. 24 மணித்தியாலத்தில் 75 தாண்டினால் கண்ணும் காதுமாக இருக்கவேண்டும், 100 தாண்டினால் மூட்டை கட்டவேண்டும், 150 தாண்டினால் அங்கே இருக்கவே கூடாது. மண்சரிவு எச்சரிக்கை கொடுக்கிறவர்கள் வைத்திருக்கிற அளவும் இதுதான். ஒவ்வொரு லயத்திலும் ஒரு போத்தல், அதைப் பார்த்துச் சொல்ல ஒரு பிள்ளை. காணி கேட்கிற போராட்டத்தை அதற்காக விட்டுவிடச் சொல்லவில்லை, அதைக் கேட்டுக்கொண்டேதான் இதையும் செய்யவேண்டும்.

என் மகளுக்கு ஆறு வயது. கக்கூஸ் லயத்துக்குத் தள்ளி இருக்கிறது. வழியில் உள்ள மரத்தில் பேய் இருக்கிறது என்று யாரோ சொல்லி, இரவில் போகப் பயப்படுகிறாள். பேய் இல்லை என்று சொல்லிவிடவா? – வாசகி, பொகவந்தலாவ

அவளைத் தனியாக அனுப்பாதீர்கள், அதுதான் முதல். லயத்து நாய்களைத் தேடிச் சிறுத்தை வருகிற ஊர் நம்முடையது. அது நம்மைத் தேடி வருவதில்லை, பெரும்பாலும் நம்மைக் கண்டால் விலகித்தான் போகும், நாம் பன்றிக்கு வைக்கிற கம்பிச் சுருக்கில் மாட்டித்தான் அது சாகிறது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கம் அருமையான ஒரு கருஞ்சிறுத்தை அப்படித்தான் மாட்டி, பிறகு செத்துப்போனது. என்றாலும் ஆறு வயதுப் பிள்ளை இருட்டில் தனியாகப் போகிற வழி இல்லை அது.

பேய் இல்லை என்று சொல்லுங்கள். அந்த மரத்தடி வழியில் இரவில் மிருகம் வரும், அதனால் அம்மாவோடுதான் போகவேண்டும், டோர்ச் அடித்துக்கொண்டு, பேசிக்கொண்டு போகவேண்டும் என்று சொல்லுங்கள். பகலில் ஒரு முறை அந்த மரத்தடிக்குக் கூட்டிப்போய், அதில் என்ன குருவி கூடு கட்டியிருக்கிறது என்று இரண்டு பேருமாகப் பாருங்கள். என்ன குருவி என்று எனக்கும் எழுதுங்கள்.